துரை பாஷை மாடுகள்

"கெட் அப் என்றால் எழுந்திரு, கெட் பேக் என்றால் பின்னால் போ, கெட் அவுட் என்றால் வெளியே போ." என் மகள் பள்ளிப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரே 'கெட்'டுக்கு இத்தனை வேலையா என்று அலுத்துக்கொள்கிறாள். நான் சிறுமியாக இருந்தபோதே எங்கள் கூடலூர் வீட்டு மாடுகளுக்கு இதெல்லாம் மனப்பாடம்.

பெரியாறு அணை கட்டும் வேலைக்கு அய்யா மலைமேல் சுண்ணாம்பு வண்டி ஓட்டினார். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் வெள்ளைக்காரத் துரை ஓடிவந்து இங்கிலீஷில் கத்துவார். கேட்டுக் கேட்டு மாடுகளுக்கு அந்தப் பேச்சுதான் பிடிபட்டது.

ஒரு மழைக்காலத்தில் அய்யா காய்ச்சலோடு ஊர் திரும்பிப் படுத்துவிட்டார். நிலம் உழவுக்குப் பதமாக இருந்தது; விட்டால் ஈரம் காய்ந்துவிடும். சித்தப்பா ஏர் பூட்ட வந்தார். மாடுகளோ தொழுவத்தில் படுத்து அசைபோட்டன. அதட்டினார், வாலை முறுக்கினார், கடைசியில் கெஞ்சினார்.

"மதினி, இதுகளுக்கு நம்ம பேச்சே மறந்துபோச்சு. அங்கன தொரைமாரு எப்படிச் சொல்லுவாக?"

காய்ச்சலில் அய்யா துரையின் அதட்டல்களைப் பிதற்றியதெல்லாம் ஆத்தாவின் காதில் இருந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தொழுவத்தின் முன் நின்றாள்.

"கெட் அப்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. இரண்டு மாடுகளும் துள்ளி எழுந்தன.

வீட்டுக்குள் பாய் சரசரத்தது. கஞ்சி குடிக்கக்கூட எழாமல் கிடந்த அய்யா, போர்வையோடு தள்ளாடி வந்து வாசலில் கைகட்டி நின்றார்.

"இந்தா வந்துட்டேன் தொரே."

சித்தப்பா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆத்தா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே மாடுகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.