சட்டி வைக்காத தீபாவளி

இன்று பெரம்பலூர் கடைத்தெருவில் அதிரசம் சுடும் வாசனை வந்தபோது, எங்கள் பக்கத்து வீட்டுச் செல்லமுத்து அண்ணன் நினைவுக்கு வந்தார். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர், அவருடைய அப்பா இறந்த வருஷம் தீபாவளிக்கு லீவில் வந்திருந்தார். துக்க வீட்டில் ஒரு வருஷம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள் என்பதால், எங்கள் அம்மா சுட்ட அதிரசத்தை நான்தான் கொண்டுபோனேன். ஒன்றைக் கடித்தவர், “ஏன்டா, கல்லாட்டம் இருக்கே! பர்மாவுக்கு எடுத்துட்டுப் போறேன், குண்டு தீந்தா வீசலாம்” என்றார். மூலையில் முடங்கிக் கிடந்த அவருடைய அம்மாகூடச் சிரித்துவிட்டாள். “அடுத்த தீபாவளிக்கு எங்க வூட்டுல சுட்டு ஒனக்குத் தரேன்டா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணியில் அவர் இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது.

அந்தத் தீபாவளிக்கும் நான்தான் அதிரசத் தட்டோடு போனேன். அவருடைய அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டு மெதுவாக மென்றாள்.

“மெத்துன்னுதானடா இருக்கு. அவன் சும்மா சொன்னான்.”