ஜெபக்குமார் குறைத்த ஒரே செலவு

கார் பளபளக்கப் பதினெட்டாயிரம் எடுத்து வைக்கிறவன், அந்த வேலையைச் செய்கிறவனுடைய மூச்சுக்கு எண்ணூறு ரூபாய் என்றால் மட்டும் பேரம் பேசுவான். இந்தக் கடுப்பு எனக்கு ஏழு வருஷமாக இருக்கிறது. பக்கத்து ஷெட்டில் டிங்கர் வேலை பார்க்கிறவன் நான். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

ஜெபக்குமார் கோயம்புத்தூரில், கார் பெயிண்ட் மேல் கண்ணாடி மாதிரிப் பூசுகிற செராமிக் கோட்டிங் பழகிவிட்டு வந்து, புதுக்கோட்டைக்கு வெளியே திருச்சி ரோட்டில் கடை போட்டான். கோட்டிங் மருந்து சின்ன பாட்டில் ஒன்று ஐயாயிரம். அதைப் பூசுவது கடைசி இரண்டு மணி நேரம்தான். அதற்கு முன்னால் கழுவி, களிமண் மாதிரி ஒரு கட்டியால் தேய்த்து ஒட்டியிருக்கிற தூசைப் பிடுங்கி, பாலிஷ் போட்டு, எண்ணெய்ப் பசை போக ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். இதற்கே இரண்டு நாள். நார்த்தாமலைப் பக்கமிருந்து ஜல்லி லாரி ஓயாமல் வருகிற ரோடு. ஒரு தூசு ஒட்டினாலும் வேலை கெட்டது. அதனால் ஷட்டரை இறக்கி, அடியில் ஈரச்சாக்கைத் திணித்து, ஃபேனையும் நிறுத்திவிடுவான். உள்ளே மருந்து வாடையும் அவனும்தான்.

அவன் போடுகிற மாஸ்க்கில் இரண்டு பக்கமும் ஃபில்டர் உண்டு. மாதம் ஒரு ஜோடி மாற்ற வேண்டும், ஜோடி எண்ணூறு ரூபாய். ஆரம்பத்தில் அதையும் சாமான் சிட்டையில் எழுதித்தான் நீட்டினான். கார் கொண்டுவந்த உடையப்பன் என்று ஒரு பைனான்ஸ்காரர் அந்த வரியில் விரலை வைத்து, “ஒன் மூக்குக்கும் நாந்தான் செலவு பண்ணணுமா தம்பி? ஒம் பொண்டாட்டிக்கு ஒரு சேலையும் சேத்து எழுதிக்க” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அன்றோடு அந்த வரி போயிற்று. துணியில் குறைத்தால் காரில் கீறல் விழும். மருந்தில் குறைத்தால் ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். ஃபில்டரில் குறைத்தால் யாருக்குத் தெரியும்? வேலை முடிந்ததும் அதைக் கழற்றி, வடகம் காயவைப்பது போலக் கூரைத் தகரத்தில் வைப்பான். வாடை வெயிலில் போய்விடும் என்று நம்பினான். ஒரே ஜோடி ஒன்றரை வருஷம் ஓடியது.

போன ஆடியில் திறந்த பாட்டிலோடு என்னிடம் வந்தான்.

“அண்ணே, இதுல வாடை வருதா பாருங்க. சரக்கு செத்துப்போச்சு போல.”

முகர்ந்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவன் மறுபடியும் பாட்டிலை மூக்கோடு ஒட்டி வைத்து இழுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

அப்புறம் இருமல் பிடித்தது. பத்து அடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இனி ஒரு தடவை அந்த வாடைக்குள் போனால் மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லியும் புரட்டாசியில் ஒரு வண்டிக்காகப் போனான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

கடையை அவன் மனைவி பிளெஸ்ஸி திறந்தாள். கூடமாட நின்று பழகிய வேலை. முதல் வண்டி முடிந்த மறுநாள், கூரையில் அதே ஃபில்டர் காய்ந்துகொண்டிருந்தது. சத்தம் போட்டேன்.

“அவருக்கு மருந்து வாங்கணும்ணே. அடுத்த வண்டி முடியட்டும், புதுசு வாங்கிக்கிறேன்” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை இருமினாள்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபக்குமாரிடம் சொன்னேன். மூக்கில் குழாய். என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவன் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

“வெள்ளிக்கெழம ஒரு கறுப்பு வண்டி வரும்ணே. அவ கடையத் தெறக்குறதுக்கு முன்னாடி நீங்க போயி, இங்கிட்டு கோட்டிங் போடுறதில்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருங்க. அவ ஒங்கள வையுவா. வஞ்சா வாங்கிக்கங்க.”