பனியன் சைஸ் கேட்டு வந்தவர்

அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கேஸ் கட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். நானும் பதினைந்து வருஷம் ஒழுங்காகப் பூட்டினேன். அந்தப் பெருமையில்தான் நாசமாகப் போனேன்.

செல்போன் எல்லோர் கைக்கும் வர ஆரம்பித்த காலம். நான் ஹெட் கிளார்க். ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் வெடித்து இரண்டு பேர் செத்த கேஸ் நடந்துகொண்டிருந்தது. பட்டறை முதலாளிதான் எதிரி. கேஸை நடத்திய உதவி அரசு வழக்கறிஞர், ஆறாவது படிக்கும் மகளோடு தனியாகக் குடியிருந்த ஒரு மேடம்.

தீபாவளிக்கு முன்னால் ஒருவர் ஆர்டர் ஷீட்டோடு வந்தார். நல்லூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜராம்.

"ஏனுங்க, சர்ப்ளஸ் பனியன் கொஞ்சம் கெடக்குதுங்க. உங்க ஊட்டுக் கொழந்தைகளுக்குக் குடுக்கலாம்னுங்க. பேரு, சைஸ், பள்ளிக்கூடம், ஊட்டு அட்ரஸ் எழுதிக் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

பனியனுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைத் தினமும் பார்க்கிற கூட்டம் நாங்கள். டைப்பிஸ்ட் தன் கொழுந்தனார் பிள்ளைகளையும் சேர்த்து எழுதினார். மேடம் கோர்ட்டில் இருந்ததால், உதவி செய்கிற நினைப்பில் அவர் வரியை நானே நிரப்பினேன். அப்படியொரு மேதாவி நான்.

எங்கள் பார்சல்கள் அலுவலகத்துக்கு வந்தன. மேடம் மகளுக்கு மட்டும் பள்ளி வாசலில் அவள் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். பனியனின் நெஞ்சில் அவள் பெயர் பிரிண்ட் அடித்திருந்தது. அந்த எக்ஸ்போர்ட் கம்பெனியும் பட்டறை முதலாளியுடையதுதான் என்பது மறுநாள் வாய்தாவில் விளங்கியது. வராந்தாவில் அந்த முதலாளியே மேடத்தைக் கும்பிட்டபடி வந்தார்.

"பாப்பாவுக்கு அளவு சரியா இருந்துச்சுங்களா மேடம்? ஒத்தைல நடந்து போகுதாமுங்க. பாத்துக்கோங்க."

மேடம் புகார் கொடுக்கப் போனபோது போலீஸில், "இதுல மெரட்டல் எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டார்கள்.

மேடம் என்னிடம் வந்தார். "எழுதிக் குடுத்தது ஆருங்ணா?"

"நான்தானுங்க மேடம்."

அந்த வாரமே மேடம் மகளைத் தொலைவில் கொமரலிங்கத்தில் தன் அம்மா வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளியில் சேர்த்தார். கேஸை விடவில்லை. முதலாளிக்குத் தண்டனை கிடைத்தது.

பிறகுதான் மேலிடம் விழித்தது. ஊழியர்களின் சொந்த விவரங்களை யாருக்கும் தரக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை. படித்ததற்கு அத்தாட்சியாக ஒவ்வொருவரும் பெயர், வீட்டு விலாசம், செல் நம்பர் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தத் தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டுமாம். எங்கள் ஆட்கள் வரிசையில் நின்று எழுதினார்கள். தலையில் அடித்துக்கொண்டேன்.

நான் எழுதவும் இல்லை, ஒட்டவும் இல்லை. மெமோ கொடுத்தார்கள். யார் எதைக் கேட்டாலும் எதற்கென்று கேளுங்கள், அடுத்தவர் வரியை நிரப்பாதீர்கள். நான் கற்றது இவ்வளவுதான். மெமோவுக்கு இப்படி விளக்கம் எழுதினேன்:

"ஐயா, ஒரு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பிள்ளை இப்போது மாதம் ஒரு தடவைதான் தன் அம்மாவைப் பார்க்கிறது."