அழிக்காத படம்

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் நேற்று கைப்பேசியை என் கையில் கொடுத்து, வேலை விண்ணப்பத்துக்கு ஒரு படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். வாங்கி விரலால் ஒரு தேய்ப்பு. கன்னத்துப் பருவெல்லாம் போய்விட்டது. "அழிக்காத புள்ள, திருப்பி அனுப்பிருவாங்க" என்றேன். சிரித்தாள். நீங்களாவது கேளுங்கள்.

எழுபதுகளில் இலங்கையில், தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தேன். பதினேழு வயது. முகத்தில் எண்ணெய் வழியும். நெற்றியில் பரு. கன்னத்தில் பருவும், கிள்ளிக் கிள்ளி நானே உண்டாக்கிய பள்ளங்களும். லயத்து வரிசை வீடுகளில் என் பெயர் பலாப்பழம். காலைப் பெரட்டில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்போது கங்காணி சத்தமாகவே சொல்வார்: "பலாப்பழம் நாலாம் நம்பர் மலை. பாத்து, ஈ மொய்க்கப் போகுது!" எல்லாரும் சிரிப்பார்கள். "ஒங்க மொகரைக்கு ஈ கூட வராதுங்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அதன்பிறகு செங்குத்தான மலையாகப் பார்த்துத்தான் எனக்குக் கொடுத்தார். போகட்டும். சொன்னது சொன்னதுதான்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. மஞ்சள், சந்தனம், பற்பசை, விடியற்காலை எச்சில். தோட்டத்து மருந்துக்காரர் வயிற்று வலிக்குக் கொடுக்கும் அதே சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தார். கந்தக சோப் போட்ட நாட்களில் என் சிநேகிதி லெச்சுமி மட்டும்தான் என் பக்கத்து நிரையில் நிற்பாள், அவளும் மூக்கைச் சுளித்துக்கொண்டு. அம்மாவோ தேங்காய் எண்ணெயை உச்சியில் ஊற்றி நெற்றிவரை இழுத்துவிடுவாள். "சூட்டுக் கொப்புளம்டி. எண்ணெ வச்சாத்தான் அடங்கும்." எண்ணெய் வழிகிற முகத்துக்கு எண்ணெய் வைத்தால் அடங்குமா?

அந்த வருஷம், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்புகிறவர்கள் பட்டியலில் எங்கள் குடும்பம் வந்தது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க அப்பா எங்களைப் பதுளைக்கு ரயிலில் கூட்டிப்போனார். ஸ்டுடியோக்காரர் முஸ்லிம்; நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் முகத்தைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். "பயப்படாதீங்க தங்கச்சி, டச் பண்ணித் தாரேன். ஒரு பரு ஈக்காது." பிலிம் மேல் பென்சிலால் புள்ளி புள்ளியாகத் திருத்துவார்களே, அந்த வேலை. படம் வந்தபோது நான் அழகியாக இருந்தேன். மிச்சமிருந்த ஒரு பிரதியை லெச்சுமி பிடுங்கிக்கொண்டாள். "சினிமாக்காரி மாதிரி இருக்கடி. இது எனக்கு."

பாஸ்போர்ட் அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது யாரு, தங்கச்சியா?"

"நான்தாங்க."

"நீ இல்ல இது. வேற படம் கொண்டு வா."

"கப்பலுக்கு நாள் குறிச்சாச்சுங்களே" என்றார் அப்பா.

"நேரத்துக்குக் கெடைக்கலன்னா நீங்க போங்க. இவ பெறகு வரட்டும்."

பெறகு என்றால் எப்போது, யாருடன்? ஒரு பென்சில் செய்த வேலைக்கு நான் லயத்தில் தனியாகக் கிடக்க வேண்டுமா? திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாளே நானாவிடம் போய் நின்றேன். "ஒண்ணையும் அழிக்காதீங்க நானா. இருக்கிறதெல்லாம் இருக்கட்டும்."

அவருக்கு மனம் நொந்துவிட்டது. "ஒங்கட நெத்திக்கு மட்டும் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? எல்லாம் ஒரே கோட்டுல, அடிமட்டம் வச்சுக் கீறின மாதிரி. பென்சில் முனை ரெண்டு தரம் தேஞ்சி போச்சு."

ஒரே கோடு. ரயிலில் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். அது கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தும் இடம். கயிற்றுக்கு அடியில் மடித்து வைக்கும் துணி வேர்வையும் எண்ணெயும் குடித்து விறைத்துக் கிடந்தது. ஊர் வைத்தியமெல்லாம் செய்தேன், அந்தத் துணியைத் துவைக்க மட்டும் தோன்றவில்லை. அன்றே இரண்டாகக் கிழித்தேன். ஒன்று தலையில், ஒன்று கொடியில். அம்மாவோடு சண்டை போட்டு எண்ணெயை நெற்றிக்கு வராமல் நிறுத்தினேன். மலையிலிருந்து இறங்கியதும் முகம் கழுவினேன். கிள்ளுவதை விட்டேன், அதுதான் பெரும்பாடு. அவ்வளவுதான் வைத்தியம். கப்பலுக்கு முன் பாஸ்போர்ட்டும் வந்தது, நெற்றியும் தெளிந்தது. கங்காணி கூப்பிடப் பெயர் தெரியாமல் விழித்தார்.

கப்பல் ஏறுமுன் தலைமன்னாரில் சோதனை. அங்கிருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது நீ இல்லையே. இதுல மூஞ்சி பூரா பரு!"

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "கிட்ட வந்து கன்னத்தப் பாருங்க சார்! எங்கெங்க பள்ளம்னு எண்ணிக்கங்க. அது எதுக்கும் போகாது!"

எண்ணினாரோ இல்லையோ, குனிந்து பார்த்து முத்திரை குத்தினார். பட்டியலில் பெயர் வந்ததிலிருந்து அப்பா சிரித்தது அப்போதுதான்.

காலாவதியான அந்தப் பாஸ்போர்ட் அலமாரியில் இருக்கிறது. பலாப்பழம் அதில் முறைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் இருந்த லயம் மண்சரிவில் போய்விட்டதாகக் கேள்வி. லெச்சுமியிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை. என் முகத்தில் எந்தப் பரு எந்த நாளில் வந்தது என்றுகூடச் சொல்லக்கூடியவள் அவள். அவளிடம் போய் அந்தப் பென்சில் படத்தை, யாருடைய முகத்தையோ, கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.