பிரியாணிக்கு வாசித்த பேண்டு

கொச்சியில் எங்கள் கல்லூரி பேண்டின் பழைய மாணவர்கள் சேர்ந்து ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது, பத்திரம் எழுதும் வேலை என்னிடம் வந்தது. வேறு யாரிடம் போகும்? பதிவுத்துறையில் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பத்திரங்களில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, பழக்கம் நிற்கவில்லை.

பேண்டில் நான் வாசித்தது சிம்பல். இரண்டு பித்தளைத் தட்டுகளைப் பிடித்துக்கொண்டு பாட்டு முழுக்கக் காத்திருந்து, சரியான இடத்தில் ஒருமுறை மோதிவிட்டு, மறுபடியும் காத்திருக்க வேண்டும். அரசு உத்தியோகத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

அறக்கட்டளைக்கு முன்னால் எங்களிடம் இருந்தது ஒரு வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு ஜூன் மாதமும், பேண்டில் வாசிக்கும் யாரோ ஒரு பிள்ளையால் ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று அதில் செய்தி வரும். முதல் நாள் எல்லோரும் உருகுவார்கள். மறுநாள் சிலர் பணம் அனுப்புவார்கள். அதற்கப்புறம் கைகூப்பும் படங்கள் மட்டும் வரும். வருஷா வருஷம் இப்படிக் கையேந்துவது நமக்கும் கேவலம், பிள்ளைகளுக்கும் கேவலம் என்றார் எங்கள் தலைவர். அவர் பேண்டில் டிராம்போன் வாசித்தவர், வளைகுடாவில் நெடுங்காலம் சம்பாதித்துத் திரும்பி திருப்பூணித்துறையில் பெரிய வீடு கட்டியவர். எல்லோருக்கும் அவர் சேட்டன், அதாவது அண்ணன். ஒரே தடவை பெரிதாகத் திரட்டி வங்கியில் போட்டுவிட வேண்டும், அசலை யாரும் தொடக்கூடாது, வட்டியில் மட்டும் உதவித்தொகை தரவேண்டும் என்பது அவருடைய யோசனை. நல்ல யோசனை. தன் பங்காகப் பெரிய தொகை ஒன்றையும் அவரே முதலில் வைத்தார்.

கூட்டங்கள் மட்டாஞ்சேரியில், பாயின் குடோன் மாடியில் நடந்தன. ஒரு காலத்தில் மிளகு அடுக்கிய கட்டடம், இப்போது கல்யாணப் பாத்திரங்கள் அடுக்கியிருக்கிறது. பாய் டிரம்பெட் வாசித்தவர், இன்று கொச்சியில் பாதிக் கல்யாணங்களுக்குப் பிரியாணி அவருடையது. என்னைப் போலவே வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். கல்லூரி நாளிலிருந்தே அவருக்கு நான் சாமி.

பத்திரத்தில் ஒரு விதியைச் சேர்க்கச் சொல்லி எல்லோரும் ஒருமனதாகக் கேட்டார்கள். சர்ச் பெருநாள் சீசன் வந்தால் கல்லூரி பேண்டில் பாதிப் பேர் காணாமல் போவார்கள், கூலிக்கு வாசிக்கும் ஏதாவது ஒரு வெளிக் குழுவின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பார்கள். ஒரு கல்லூரி விழாவில் பெரிய டிரம்மும் ஒரு டியூபாவும் மட்டுமே நின்று தேசிய கீதம் வாசித்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆகவே, வேறு எந்த பேண்டிலும் கூலிக்கு வாசிப்பவர்களுக்கு உதவித்தொகை கிடையாது என்று எழுதினேன். பிற்காலத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்பதற்காக, விதிகளைத் திருத்தும் அதிகாரத்தைக் கமிட்டி உட்பட எவருக்கும் கொடுக்காமல் விட்டேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பதிவு செய்த அதிகாரி என்னிடம் பழகியவர், படித்துப் பார்த்துவிட்டு எறும்பு நுழைய இடமில்லை என்றார்.

ஒரு வருஷம் கழித்து முதல் வட்டி வந்தது. முதல் நேர்காணலும் வந்தது.

விதியை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டிக் கேட்பது என் பொறுப்பு. முதலில் வந்த பையன்கள் எல்லோரும் இல்லை சார் என்றார்கள். அதில் ஒருவனைப் போன மாதம்தான் ஒரு கல்யாணத்தில் சிவப்புச் சட்டையும் தங்க ஜரிகைத் தொப்பியுமாகப் பாய் பார்த்திருந்தார், அவனுக்கு இலை போட்டதே அவருடைய ஆட்கள். பாய் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன்.

கடைசியாக வந்தது கிளாரினெட் வாசிக்கும் ஒரு பெண். பி.காம். இரண்டாம் வருஷம். மதிப்பெண்ணிலும் வாசிப்பிலும் மற்றவர்கள் அவள் பக்கத்தில் நிற்க முடியாது என்று கல்லூரியே எழுதி அனுப்பியிருந்தது. அம்மா பிளவுஸ் தைக்கிறார், அப்பா இல்லை. வீட்டில் தமிழ் பேசுகிறவள்.

"வாசிக்கிறேன் சார்" என்றாள். "மாமாவோட குழுவில. பெருநாள் சீசன்ல கும்பளங்கிப் பக்கம் அனேகமா தினமும் போவோம்."

அதை விட்டுவிட்டால் உதவித்தொகை கிடைக்கும் என்று விளக்கினேன்.

"விட முடியாது சார். ஃபீஸ் நீங்க கட்டுவீங்க. வாடகை யார் கட்டறது?"

அவள் குரலில் கோபம் எதுவும் இல்லை, கணக்குப் பாடத்தில் ஒரு விடையைச் சொல்வது போலச் சொன்னாள். இந்த ஃபீஸ் கட்ட வழியில்லை என்றால் படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் குழுவோடு முழுநேரமாகப் போவதாக வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள் என்றாள். பிறகு எழுந்து நின்று என்னிடம் கேட்டாள்: "டிசி வேணும்னா யாருக்கு எழுதிக் குடுக்கணும் சார்? ஆபீஸ்ல ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

எனக்கு அது நன்றாகத் தெரியும். நடைமுறை தெரிந்தும் சொல்லாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை எதுவும் எழுதிக் கொடுக்காதே என்று அனுப்பி வைத்தேன்.

அவள் படி இறங்கியதும் பாய் ஆரம்பித்தார். விதியை மாற்றும்படி சொன்னார். மாற்ற முடியாது, அந்த அதிகாரம் யாருக்கும் இல்லை, ஜில்லா கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும், முடிவதற்குள் அவள் பேத்திக்கே கல்யாணமாகிவிடும் என்றேன்.

"பூட்டுப் போட்டீங்க, சரி. சாவியை உள்ளே வச்சிட்டு யாராவது பூட்டுவாங்களா சாமி?"

சேட்டன் வேறு வழி சொன்னார். அந்தப் பெண்ணை ஃபோனில் கூப்பிட்டு, மற்றவர்களைப் போல இல்லை என்று சொல்லச் சொல்லலாம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றார். உண்மை சொன்ன பிள்ளைக்கு நாமே பொய் சொல்லிக்கொடுக்கவா என்று பாய் கேட்டார்.  சேட்டன் அடுத்த தாளைப் புரட்டினார்.

அசௌகரியமான விஷயம் வந்தால் அடுத்ததற்குத் தாவுவது எல்லாக் கமிட்டிகளுக்கும் உள்ள வழக்கம். அடுத்தது, சேட்டனின் மகள் கல்யாணம். அதில் கல்லூரி பேண்டு வாசிக்க வேண்டும். பழைய மாணவர் வீட்டுக் கல்யாணம் என்றால் கல்லூரி பேண்டு இலவசமாக வரும் என்பது எங்கள் காலத்துக்கும் முந்தைய வழக்கம். பிள்ளைகள் சீருடையில் வந்து மாப்பிள்ளையை வாசலிலிருந்து மேடை வரை வாசித்துக் கொண்டுபோய் விடுவார்கள், பிறகு வயிறு நிறையப் பிரியாணி. நாங்களும் அப்படி வாசித்தவர்கள்தான். அதைக் கௌரவம் என்று நினைத்திருந்தோம். பிரியாணியும் நன்றாகத்தான் இருக்கும்.

"சேட்டா, என் பிரியாணிக்குக் காசு தருவீங்கதானே?" என்றார் பாய்.

"அட்வான்ஸ் தந்தாச்சே."

"பேண்டுக்கு?"

"அது நம்ம பிள்ளைங்கல்லே."

"அப்ப நான் யாரு? எனக்கும் டிராம்போன்ல நாலு பாட்டு வாசிச்சுக் காட்டிட்டு பிரியாணியை எடுத்துட்டுப் போங்க."

சிலர் சிரித்தார்கள். சேட்டன் சிரிக்கவில்லை. தான் அறக்கட்டளைக்குக் கொடுத்ததை வைத்து எத்தனை பேண்டை வேண்டுமானாலும் கூப்பிட்டிருக்கலாம் என்றார். அது உண்மைதான். வந்திருந்த சாயாவை மெதுவாகக் குடித்து முடித்தார். கிளாஸை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, பேண்டுக்குக் காசு கொடுப்பதென்றால் அதற்கு என்ன நடைமுறை என்று கேட்டார். அவர் சம்மதிக்கும் விதம் அதுதான்.

எனக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. நாங்கள் தடுத்தது வெளி பேண்டில் கூலிக்கு வாசிப்பதை. கல்லூரி பேண்டிலேயே கூலி கிடைத்தால் யாரும் வெளியே போகவேண்டியதில்லை. பழைய மாணவர் வீட்டுக் கல்யாணம், கடைத் திறப்பு, ஆண்டு விழா, எதுவானாலும் கட்டணம். ஒரு பங்கு அன்று வாசித்த பிள்ளைகளுக்கு, மீதி அறக்கட்டளையின் அசலில் சேரும். வட்டி விகிதம் இறங்கலாம், நன்கொடையாளர்களுக்கு அலுத்துப் போகலாம். கொச்சியில் கல்யாணம் நிற்காது. பத்திரத்தில் ஒரு எழுத்தையும் மாற்றவேண்டியதில்லை. இதை நான் சொல்லி முடித்தபோது பாய், இவ்வளவு நேரம் அந்தச் சிம்பலை எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார்.

பிரின்சிபாலைப் பார்க்கப் போனது நான். கல்லூரியைக் கல்யாண பேண்டு கம்பெனியாக்குவதா என்று அவர் கேட்பார் என எனக்குத் தெரியும். வகுப்பு நாளில் வாசிப்பு கிடையாது, வருகிறவர்கள் விருப்பத்தோடு வரவேண்டும், தனி வங்கிக் கணக்கு, ஆண்டுத் தணிக்கை என்று எல்லாவற்றையும் கடிதத்திலேயே எழுதிக்கொண்டு போனேன். கேட்க ஒன்றும் மிச்சம் வைக்காவிட்டால் அதிகாரிகள் கொஞ்சம் சோர்ந்துபோவார்கள். நானும் அந்த நாற்காலியில் இருந்து சோர்ந்திருக்கிறேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு ஒப்புக்கொண்டார். கட்டணம் எவ்வளவு என்பதை மட்டும் கமிட்டி பிறகு தெரிவிக்க வேண்டும் என்றார்.

அந்தப் பெண் வராந்தாவில் காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மாதத்துக்கு எத்தனை வாசிப்பு வரும், பங்கு எப்போது கைக்கு வரும் என்று இரண்டு கேள்வி கேட்டாள். இரண்டும் சரியான கேள்விகள். பிறகு அங்கேயே மாமாவுக்கு ஃபோன் போட்டாள். பேண்டு மாஸ்டர்களின் தொண்டைக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, அவர் பேசியது எனக்கும் கேட்டது.

"நீ இல்லேன்னா கிளாரினெட்டுக்கு நான் எங்கடி போவேன்? பெருநாள் நடத்தற சர்ச் அச்சன்கிட்ட என்ன சொல்றது?"

"படிப்பு முடியற வரைக்கும்தான் மாமா. அதுக்கப்புறம் உங்க கணக்கையும் நானே பார்த்துத் தர்றேன்."

"என் கணக்குல பார்க்க என்ன இருக்கு" என்றார் அவர்.  பிறகு அந்தச் சாரிடம் கொடு என்றார்.

"பிள்ளை படிக்கட்டும் சார், எனக்கு சந்தோஷம்தான். ஆனா ஒண்ணு. எங்க ரேட்டுக்குக் கீழே மட்டும் போகாதீங்க. இத்தனை வருஷமா சும்மா வாசிச்சே எங்களுக்கு வரவேண்டிய கல்யாண ஆர்டரையெல்லாம் கொண்டுபோனது நீங்கதான்."

இப்படி ஒன்று இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவருடைய ரேட்டைக் கேட்டு அங்கேயே குறித்துக்கொண்டேன். கல்லூரி பேண்டின் கட்டணம் ஊர்க் குழுக்களின் கட்டணத்துக்குக் குறையக்கூடாது என்று அந்த வாரக் கமிட்டியில் தீர்மானம் போட்டோம். இந்தத் தடவை, அதைத் திருத்தும் அதிகாரத்தையும் சேர்த்தே எழுதினேன்.

உதவித்தொகை அவளுக்குக் கிடைத்தது. சேட்டன் மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் நின்று வாசித்தாள். சேட்டன் முழுக் கட்டணமும் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் தலைவர் என்ற முறையில் ஏதாவது குறைப்பு உண்டா என்று கேட்டுப் பார்த்தார், மட்டனில் வேண்டுமானால் குறைத்துக்கொள்ளலாம் என்றார் பாய்.

இந்த ஜூனில் மறுபடியும் நேர்காணல். நான் விதியை வாசித்ததும், போன சீசன் வரை வெளியே வாசித்ததாகவும் இப்போது தேவைப்படவில்லை என்றும் முதலில் வந்த பையனே சொன்னான். பாய் என்னைப் பார்த்தார், இந்த முறை நானும் அவரைப் பார்த்தேன். மூன்றாம் வருஷத்துக்கு வந்துவிட்ட, இப்போது பேண்டின் புக்கிங்கைக் கவனிக்கும் அந்தப் பெண் மாடிப்படியில் நின்று, காக்கநாட்டில் ஃபிளாட் வாங்கிய ஒரு பழைய மாணவரோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். அவர் மகன் கல்யாணத்துக்கு பேண்டு வேண்டுமாம். தானும் அந்த பேண்டில் வாசித்தவன்தான் என்று அவர் வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. அவள் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். ரேட்டைக் குறைக்கவில்லை.