காற்று ஒழுகிய பியானோ

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அதே வாரத்தில்தான் எங்கள் வீட்டுக்குப் பியானோ வந்தது. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றால் நோய் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? மூன்றாம் வகுப்புப் படிப்பு எனக்கு அப்படித்தான் சொன்னது.

நைனா செஞ்சியில் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்தார். புதுச்சேரியில் இடிக்கிற வீடுகளிலிருந்து கட்டில், பீரோ, கதவு என்று வாங்கி வந்து பாலீஷ் போட்டு விற்பார். அந்த முறை டெம்போவில் வந்தது கனத்த கறுப்புப் பெட்டி. கடையில் இடமில்லாததால் கூடத்தில் இறக்கினார்கள். கட்டிலில் கிடந்த அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது தானா வாசிக்கிற பியானோதான? கல்யாணத்துக்கு முன்ன நான் கொழந்த பாத்துக்கினு இருந்த வூட்ல இருந்துச்சி. கால்ல மிதிச்சா கட்டையெல்லாம் அதுவா எறங்கும்."

பல நாட்களுக்குப் பிறகு அம்மா அவ்வளவு பேசியது அன்றுதான். நைனா அந்தப் பெட்டியை விற்கவில்லை.

மிதித்துப் பார்த்தார். ஒரு கட்டையும் அசையவில்லை. மிதித்தால் உள்ளேயிருக்கும் துருத்தி காற்றை உறிஞ்ச வேண்டும். மேலே சுற்றுகிற காகிதச் சுருளில் பாட்டுக்காகப் போட்ட ஓட்டை வரும்போது, அதற்குரிய கட்டை இறங்கும். வழியில் எங்காவது வெடிப்பிருந்தால் உறிஞ்சுகிற பலம் போய்விடும். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் வீடியோவை, மொழி புரியாமலே, செல்போனில் திரும்பத் திரும்பப் பார்த்து நைனா இதையெல்லாம் கற்றுக்கொண்டார்.

நான் நின்றுகொண்டே மிதிப்பேன். நைனா ஊதுவத்தியைக் குழாய்களின் ஓரமாக நகர்த்துவார். புகை எங்கே உள்ளே வளைகிறதோ அங்கே வெடிப்பு. கட்டிலிலிருந்து அம்மாவுக்குத்தான் அது முதலில் தெரியும். "அங்க இழுக்குது பாருங்க" என்பாள். காய்ந்து வெடித்த ரப்பர் குழாய்களை எடுத்துவிட்டு, அம்மாவுக்கு குளுக்கோஸ் ஏற்றி மிச்சமான குழாய்களை வெட்டிச் சொருகினார். துருத்தித் துணியின் கிழிசலில் சைக்கிள் ட்யூபை ஒட்டினார்.

நைனாவின் அக்கா, என் அத்தை, எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பொண்டாட்டி இப்டி கெடக்குறா, நீ இன்னாத்துக்குடா இந்தப் பொட்டியக் கட்டிக்கினு அழுவுற?"

"இதுலயாவது எங்க ஓட்டன்னு தெரியுதுக்கா" என்றார் நைனா.

அத்தை அதற்குப் பிறகு திட்டவில்லை. அவள் ஏன் சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

அமாவாசையன்று அத்தை அம்மாவுக்காக வேண்டிக்கொள்ள மேல்மலையனூர் போயிருந்தாள். மத்தியானம் நைனா பெட்டியோடு வந்த சுருளை மாட்டி உட்கார்ந்து மிதித்தார். கட்டைகள் இறங்கின. எல்லாம் இல்லை. இரண்டு ஒலித்தால் ஒன்று ஊமையாக நின்றது. பாட்டு நொண்டியது, நடுவில் புஸ்ஸென்று காற்று வேறு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

சுருள் முடிந்தது. நைனா திரும்பவேயில்லை. "சரியா வர்ல, இல்ல?"

"அதே பாட்டுதான். அந்த வூட்ல கேட்ட மாதிரியே இருக்குது."

"நெசமாவா?"

"நெசமாதான். இனிமே அதுல கை வைக்காதீங்க. இங்க வந்து உக்காருங்க."

நைனா வந்து கட்டிலின் ஓரம் உட்கார்ந்து, வீங்கியிருந்த அம்மாவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உனக்கும் சரியாயிடும்" என்றார்.

"ஆமா" என்றாள் அம்மா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அடுத்த அமாவாசைக்கு அம்மா இல்லை.

ஆனால் அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சாயங்காலம் பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டுக்கு ஓடினேன். சிறப்புப் பேருந்திலிருந்து குங்குமப் பொட்டலத்தோடு அத்தை இறங்கினாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கத்தினேன்.

"அத்த, பியானோ சரியாயிடுச்சி! அம்மாவுக்கும் சரியாயிடுமாம்! நைனா சொன்னாரு, அம்மாவும் ஆமான்னு சொல்லிடுச்சி!"

அத்தை அங்கேயே, ரோட்டோரப் புழுதியில், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட்டத்தில் நின்றுகொண்டே வந்ததில் அவளுக்குக் கால் வலிக்கிறது என்று நினைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டேன்.