எட்டாவது, மேடம்

படிப்புக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பைத்தான் பல வருடங்களாக ஆராய்கிறேன். பொருளாதாரப் பேராசிரியர் என்ற பந்தா வேறு. பட்டம் வாங்கியவர்கள் வடசென்னையில் சுமை வேலைக்கு வருவதில்லை என்று கட்டுரை எழுதிக் கைதட்டலும் வாங்கியவள் நான். அதே வடசென்னையின் காலடிப்பேட்டையில் பிறந்து வளர்ந்தும் புத்தி அவ்வளவுதான்.

மாத்தூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சுமை தூக்குபவர்களின் படிப்பைக் கணக்கெடுக்கப் போனேன். வேலைக்கு ஆள் எடுக்கும் மேஸ்திரி என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வரிசையில் ஐந்தாவதாக வந்து நின்றவனைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொங்கியது. என்னோடு பி.ஏ. பொருளாதாரம் படித்தவன். புள்ளியியல் என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். பரீட்சைக்கு முந்தின வாரம் முழுக்க உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தான். அவன் இல்லாவிட்டால் நான் பாஸே ஆகியிருக்க மாட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. படிப்பு என்ன என்று கேட்டேன்.

"எட்டாவது, மேடம்."

வாயைத் திறக்கப் போனேன். அவன் கண் மேஸ்திரி பக்கம் போய்த் திரும்பியது. எட்டாவது என்றே எழுதினேன்.

வேலை முடிந்ததும் வெளியே டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னாமே, என் வேலைக்கே உலை வெச்சிருப்பே! டிகிரின்னு தெரிஞ்சா மேஸ்திரி உள்ளயே வுட மாட்டாரு. படிச்சவன் பி.எஃப். கேப்பான், சட்டம் பேசுவான்னு பயம். எங்க கேங்குலயே நாலு பேரு டிகிரி. அல்லாரும் எட்டாவதுன்னு சொல்லிகினு கீறோம்."

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை, என் மேல்தான். வேலை கொடுப்பவர் முன்னால் நிறுத்திப் படிப்பைக் கேட்டால் எவன் உண்மையைச் சொல்வான்? அந்த யார்டில் எடுத்த படிவங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். கூட வந்த மாணவர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

கல்மண்டபத்தில் அவன் வீட்டுக்குப் போனபோது எல்லோரும் அப்போதுதான் சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்தார்கள். மனைவியும் இரண்டு பெண்களும் சுற்றி உட்கார்ந்தார்கள். பெயர், யார்டு எதையும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் படிப்புக்கு வந்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"எழுதிக்கமே. பி.ஏ. எகனாமிக்ஸ். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

வீடே அதிரச் சொன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். என்ன கிளாஸ் என்று எழுதப் படிவத்தில் கட்டமே கிடையாது. ஓரத்தில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டேன்.